நான் ஊற்றிய வெந்நீர்

இன்று காலை டியூட்டி அறை அலமாரியைத் திறந்தால், பாட்டிலில் தேங்காய் எண்ணெய் கல்லாய் உறைந்து கிடக்கிறது. குன்னூருக்குக் குளிர் வந்துவிட்டது. கூடவே நீயும் வந்துவிட்டாய். உடம்புச் சூட்டில் இளகட்டும் என்று அந்தப் பாட்டிலை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு வார்டெல்லாம் நடப்பாயே. நான் சிரித்தால், "சிரி புள்ள, உனக்கென்ன, எருமைத் தோலு" என்பாய்.

உண்மைதான். பிறந்த பிள்ளைகளுக்கான அறையில் நாம் இருவரும் ஒரே சோப்பில்தான் கை கழுவினோம். ஒவ்வொரு பிள்ளையைத் தொடுமுன்னும் கழுவ வேண்டும், தொட்ட பின்னும் கழுவ வேண்டும். என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்கு விரலிடுக்கெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, வெடித்து ரத்தம் கசிந்தது. கிளவுஸ் போட்டால் உள்ளே எரிகிறது என்றாய். குழாய்த் தண்ணீரோ காலையில் கையைக் கடிக்கும். குளிரால்தான் வெடிக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தானே.

மறுநாளிலிருந்து கெட்டிலில் தண்ணீர் சுடவைத்து, நீ கழுவப் போகும்போதெல்லாம் உன் கையில் ஊற்றினேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டுவாய்.

"இதமா இருக்குதா?"

"இருக்குது புள்ள."

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் புண் சீழ் பிடித்துவிட்டது. இந்தக் கையோடு பிள்ளைகளைத் தொடக் கூடாது என்று மேட்ரன் உன்னை ஓபி சீட்டு எழுதும் மேசைக்கு மாற்றினார். அதன்பின் தினமும் சாப்பாட்டு நேரத்தில், எந்தப் பிள்ளை பால் குடித்தது, எது குடிக்கவில்லை என்று என்னிடம் கேட்பாய். புண் ஆறிய பிறகும் உன்னை அந்த அறைக்குத் திரும்ப அனுப்பவே இல்லை.

போன ஆடியில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோயிற்று. அரவேணுவில் உன் வீட்டுக்கு வந்தபோது, உன் தங்கை அழுதுகொண்டே சொன்னாள்: "சுடுதண்ணியே ஆகாதுன்னு தோல் டாக்டர் அப்பவே சொல்லிப்போட்டாருங்க. தோல்ல இருக்கற எண்ணெப்பசையை அது எடுத்துருமாமுங்க. உங்ககிட்டச் சொல்லச் சொன்னேன். 'அத்தனை ஆசையா ஊத்தறா, எப்படி வேண்டாங்கறது'ன்னுச்சுங்க எங்கக்கா."

எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. இன்னும் தீரவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா? யோசித்துப் பார்த்தால், கேட்டிருக்க மாட்டேன். டாக்டருக்கு என்ன தெரியும் என்று இன்னொரு கெட்டில் சுடவைத்திருப்பேன். அது உனக்குத் தெரியும்.

இப்போது வார்டில் யாருக்குக் கை வறண்டாலும் நான்தான் கத்துகிறேன். "சுடுதண்ணி வேண்டாங்க. தேய்க்காம ஒத்தித் துடைங்க, களிம்பு போடுங்க, கை காஞ்சப்புறம் கிளவுஸ் மாட்டுங்க." எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள்.

நேற்று ஒன்றேகால் கிலோ எடையில் ஒரு பையன் பிறந்தான். நீ தூக்கியிருக்க வேண்டிய பிள்ளை. எந்தப் பிள்ளையைத் தூக்கினாலும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. உன்னை இந்த அறையை விட்டு அனுப்பிய கையால்தான் தூக்குகிறேன். வேறு கை எனக்கில்லை.