உன் புரதத்தை அழுக்கு என்றேன்

இன்று காலை ஆய்வகத்தின் பழைய ஃப்ரீசரைக் காலி செய்தோம். அடித்தட்டில் பனி மூடிய ஒரு பெட்டி. துடைத்தால் உன் கையெழுத்து.

தார்நாகாவிலுள்ள இந்த ஆய்வகத்தில் நாம் இருவரும் நான்கு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தோம். மனித செல், தூது ஆர்.என்.ஏ.வை உரிய இடத்தில் வெட்டிச் சீராக்குகிறது. அந்த வேலையை, சுத்தம் செய்த புரதங்களை மட்டும் குழாயில் கலந்து நடத்திக் காட்ட வேண்டும். என் புரதங்கள் பளிச்சென்று இருந்தன. குழாயில் ஒன்றும் நடக்கவில்லை. நீ தயாரித்ததைச் சேர்த்தால் மட்டும் வெட்டு விழுந்தது. புரதங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது உன்னுடையதில் மங்கலாக ஒரு கோடு கூடுதலாகத் தெரிந்தது. வேறேதோ புரதம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"நக்கோ, வேணாம், அதைக் கழிச்சுடாதே. அதுதான் வேலை செய்யுது, பாரு" என்றாய்.

வாரக் கூட்டத்தில் நான் எழுந்து, உன் தயாரிப்பு அழுக்கு, அதிலுள்ள ஏதோ நொதி ஆர்.என்.ஏ.வைக் கண்டபடி அறுக்கிறது என்றேன். வெட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது. எனக்குத் தெரியும். என் உழைப்பு வீண் என்றாகிவிடுமோ என்று பயந்தேன். நீ என்னையே பார்த்தாய். ஆறு மாதத்தில் மாதாப்பூரில் மென்பொருள் வேலைக்குப் போய்விட்டாய்.

நீ போனபின் அந்தக் கோட்டைப் பிரித்தெடுத்தேன். விடுபட்டிருந்த புரதம் அதுதான். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. உனக்கு, முடிவில் ஒரு வரி நன்றி.

"கங்கிராட்ஸ். அந்தக் கோடுதானே?" என்று செய்தி அனுப்பினாய். பதில் எழுதாமல் நாள் கடத்தினேன். உனக்கு டெங்கு என்பதையும் நீ இல்லை என்பதையும் ஒரே அழைப்பில் கேட்டேன்.

திருமுல்கேரி வீட்டில் உன் அம்மா கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தார். "அவ பேரு எங்கப்பா இருக்கு?" கடைசிப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ சின்னதாவா? யாரு இப்படிப் போட்டது?"

"பத்திரிகைக்காரங்கம்மா" என்றேன்.

அவர் காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. போனால் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நான்தான்மா போட்டேன்.