இத்தா வீட்டுக் கறி

மாத்தளை,
14.9.1961

என் அன்பு மகன் நுஹ்மானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. நிஜமாகவே சுகமாக இருக்கிறேன். அதை நீ நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. திகதி போடவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளின் மகன் திகதி இல்லாமல் கடிதம் எழுதலாமா? அது போகட்டும். நான் இத்தா இருக்கும் நாட்கள் முடிந்த மறுநாளே லொறி கொண்டு வருவதாகவும், நான் சாமான்களைக் கட்டி வைத்துக்கொண்டு அம்பாறையில் உன் வீட்டுக்குப் புறப்படத் தயாராக இருக்க வேண்டும் என்றும், வீட்டை மஹ்ரூப் சாச்சா வாடகைக்கு விட்டுத் தருவார் என்றும் எழுதியிருக்கிறாய். எல்லாவற்றையும் அறிவித்திருக்கிறாய். ஒன்றையும் கேட்கவில்லை.

சாச்சா உனக்கு இரண்டு கடிதம் எழுதியது எனக்குத் தெரியும். முதலாவதில் நான் பட்டினி கிடப்பதாகவும், இரண்டாவதில் எனக்குப் புத்தி தடுமாறிவிட்டதாகவும் எழுதியிருப்பார். இரண்டும் சரியில்லை. நடந்ததை நானே சொல்கிறேன்.

உன் வாப்பா மௌத்தாகி அடங்கிய நாளிலிருந்து அவர் தம்பியான சாச்சா வீட்டிலிருந்து பகலும் இரவும் சாப்பாடு வருகிறது. மூன்று நாளைக்கு அது வழக்கம். அவர்கள் நிறுத்தவில்லை. நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜுனைதா சாச்சி கொத்தமல்லியை வறுக்காமல் அரைக்கிறாள். எல்லாக் கறியிலும் ஒரே தூளைப் போடுகிறாள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் கண்ணை மூடிக்கொண்டு தின்றால் ஒன்றுபோல இருக்கிறது. இதை நான் அவளிடம் எப்படிச் சொல்வது?

அதோடு, மகனே, இத்தாவின் நாலு மாதமும் பத்து நாளும் நான் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை, இழுத்துவிட்ட திரை, வெளி ஆண்கள் குரல் கேட்டால் உள்ளே போவது, இதெல்லாம் மார்க்கம், குறை சொல்லவில்லை. ஆனாலும் முன்னறையிலிருந்து பின்னறைக்கும் பின்னறையிலிருந்து முன்னறைக்கும் நடந்து நடந்து சிமெந்துத் தரை தேய்ந்துவிடும் போலிருந்தது. ஓதினேன். தைத்தேன். அலுமாரியைக் கலைத்துத் திரும்ப அடுக்கினேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அப்படி அடுக்கும்போதுதான் நீ முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பிய மண்ணெண்ணெய் அடுப்பு கட்டிலுக்கடியில் கிடைத்தது. உன் வாப்பா அதைப் பற்றவைக்க விட்டதில்லை. "மண்ணெண்ணெய் மணக்கிற கறிய நீயும் ஒன்ட மகனும் தின்னுங்க" என்று சொன்னவர். ஏலமும் மிளகும் விற்றவருக்கு நாக்கும் தராசுபோலத்தான். விறகடுப்பு, மண்சட்டி, வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக வறுத்து இடித்த தூள். எங்கள் கல்யாணத்திலிருந்து நான் காலையில் அடுப்படிக்குள் போனால் நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போதுதான் வெளியே வருவேன். அவர் ஒரு கவளம் வாயில் வைத்து, தலையை ஒரு முறை ஆட்டுவார். அவ்வளவுதான் எனக்குக் கூலி. அது போதுமாகத்தான் இருந்தது.

அடுப்பைத் துடைத்து முற்றத்தில் வைத்துப் பற்றவைத்தேன். முதல் நாள் முட்டைக் கறி. இரண்டாம் தேங்காய்ப்பாலில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ரம்பை இலை, மஞ்சள். கொதி வந்ததும் முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து மெதுவாக விட்டு, மேலே முதற்பால் ஊற்றி இறக்கிவிட்டேன். உப்பிக்கொண்டு வெள்ளையாகத் திரண்டு வந்தது. நான் உட்காரக்கூட இல்லை, அதற்குள் கறி! சுடச்சுடச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டேன். மறுநாள் மாசிக் கருவாடு தூவிய தக்காளி. அதற்கடுத்த நாள் முருங்கைக் கீரையும் பருப்பும். கூட்டிப் பெருக்க வரும் வேலம்மா சந்தையில் வாங்கித் தருவாள். "என்னங்கம்மா, ரயிலுக்குப் போறவங்க மாதிரில்ல சமைக்கிறீங்க!" என்று அவள் சிரிப்பாள்.

சாச்சா வீட்டுச் சாப்பாடு வரும்போது எனக்குப் பசி இருக்காது. பசியில்லை என்றே சொல்லி அனுப்பினேன். அது பொய்யில்லை. சாப்பாட்டை வீசவும் மனம் வரவில்லை, தொட்டு எச்சில்படுத்தித் திருப்பவும் மனம் வரவில்லை. அதனால் அனுப்பியது அனுப்பியபடியே திரும்பிப் போயிற்று. அங்கே பாத்திரத்தைத் திறந்து பார்த்து அழுதிருக்கிறார்கள். துக்கத்தில் நான் சாப்பாட்டை விட்டுவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

போன வாரம் ஜுனைதா முன்னறிவிப்பில்லாமல் வந்தாள். பின்னாலேயே சாச்சாவும் பள்ளிவாசல் யாகூப் லெப்பையும். எனக்காக ஓதி, தண்ணீரில் ஊதித் தர வேண்டுமாம். நான் அப்போதுதான் டின் மீனுக்கு வெங்காயம் தாளித்து, மீனைக் கொட்டி, புளிக்குத் தேசிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அவசரமாகத் திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன். லெப்பை முன்னறையில் இருந்து ஓதத் தொடங்கினார். ஓதும்போது எழும்பலாமா? அவர் நீட்டி நீட்டி ஓதுகிறார். எனக்கோ மூக்கெல்லாம் முற்றத்தில். முதலில் சாறு வற்றும் மணம். பிறகு மீன் சட்டியில் பிடிக்கும் மணம். இன்னும் கொஞ்சம் போனால் கரியும். பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு நல்ல கறியைக் கரிய விட்டு உட்கார்ந்திருக்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

"ஜுனைதா, அந்த அடுப்பத் தணி!" என்று கத்திவிட்டேன். துஆவுக்கு நடுவில்.

அவள் ஓடினாள். சோறு, பொரித்த பப்படம், தட்டு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "ராத்தா! நீங்க பட்டினி எண்டு நாங்க அங்க அழுதுட்டீக்கிறோம், நீங்க இங்க டின் மீன் ஆக்கிட்டீக்கிறீங்களா?" என்றாள். லெப்பை நல்ல மனிதர். "அப்ப இந்தத் தண்ணி தேவல்ல, பசி நல்லாத்தான் ஈக்கிது" என்று சிரித்துவிட்டு எழும்பினார். உன் சாச்சா சிரிக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "மதினி, காக்காட கபுறு மண்ணு இன்னும் காயல்ல. ஊர் என்ன செல்லும்?" என்று கேட்டார்.

அவருக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்.

விறகடுப்பில் கறி வைத்தால் அது வேகும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றால் காது முன்னறைக்குப் போகிறது. வாப்பாவின் சாய்மனைக் கதிரை கிறீச்சிடுகிறதா, இருமல் கேட்கிறதா என்று பார்க்கிறது. யாருக்காக இப்படி நிற்கிறாய் என்று சட்டி கேட்கிறது. சட்டென்று முடியும் கறிக்கு அந்தக் கேள்வி கேட்க நேரமில்லை. ஆனால் முழுவதும் இதுதான் காரணம் என்று சொன்னால் நான் பொய்க்காரி. எனக்குப் பிடித்துமிருக்கிறது, நுஹ்மான். எனக்கு என்ன வேண்டும் என்று என்னையே கேட்டு, அதையே ஆக்கி, சூடு ஆறுமுன் தின்பது பிடித்திருக்கிறது. இந்த இரண்டும் ஒரே வயிற்றில் எப்படி இருக்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை. இருக்கின்றன.

மஸீனா தங்கமான மருமகள். "மாமி ஒரு வேலையும் செய்ய வேணாம், கால நீட்டி இருந்தாப் போதும்" என்று உன் கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே அடுப்படி அவளுடையது. நான் ஒரு முட்டையை உடைக்க வேண்டுமென்றாலும் யாரையாவது கேட்க வேண்டும். கேட்டால் அவள் ஓடி வந்து கையிலிருந்து வாங்கிவிடுவாள். பகல் முழுக்க நான் அந்த வீட்டில் எங்கே நடப்பது? இந்த வீடு என் வாப்பா கல்யாணத்தின்போது என் பெயருக்கு எழுதித் தந்தது. இதை வாடகைக்கு விட நான் சம்மதிக்கவில்லை என்று சாச்சாவுக்கு நீயே எழுது. மரியாதையாக எழுது. திகதி போட்டு எழுது.

லொறி வேண்டாம். இத்தா முடிந்ததும் பஸ்ஸில் வா, மஸீனாவையும் கூட்டிக்கொண்டு வா. நீங்கள் முகம் கழுவி வருவதற்குள் சாப்பாடு தயாராகிவிடும். சாப்பிட்டு முடித்த பிறகும் என்னை அழைத்துப் போகத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அப்போது சொல். கேட்டுக்கொள்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், குறையாத பரக்கத்தையும், பிள்ளைச் செல்வத்தையும் தருவானாக. சீக்கிரம் வா, மகனே. எவ்வளவு கவனமாக அளந்து போட்டாலும், ஒரு ஆளுக்கு அரிசி போட என் கைக்கு இன்னும் வரவில்லை. தினமும் இன்னொரு ஆளுக்கு மிஞ்சுகிறது.

இப்படிக்கு,
துஆவுடன்,
உம்மா