சாவி ஆணியிலதான் தொங்குது

பட்டாசு,

ப்ராக்டிஸ் முடிஞ்சு பசியோட வருவ. வேகவச்ச முட்டை மூடி வச்சிருக்கேன். குழாய் ரிப்பேர்காரர் வந்தா, வாளியை நகர்த்தி வழி விடு.

காலையில வீடியோ ஓடிட்டிருக்கும்போதே ஃபோனைப் பிடுங்கினது தப்புதான். "உனக்குப் புத்தி ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்காதா?"ன்னு கத்தினது அதைவிடத் தப்பு. ஏடிஹெச்டி இருக்கற பிள்ளைகிட்ட பிடுங்காதீங்க, பக்கத்துல உக்காந்து ரெண்டு பேருமா நேரம் வச்சுக்கோங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான் கேட்டேனா?

திருப்பிக் குடுத்துடலாம்னு பார்த்தா, எங்க ஒளிச்சேன்னே ஞாபகம் இல்ல. சிரிக்காத! அலமாரி, தலையணை உறை, அரிசி டப்பான்னு எல்லாத்தையும் குடைஞ்சாச்சு. சைலன்ட்ல வேற போட்டுத் தொலைச்சேன், கூப்பிட்டாலும் சத்தம் வரல. ஷிஃப்டுக்கு நேரமாச்சு, நீயே தேடிப் பாரு. வீட்டைக் கலைச்சது நான், நீ அடுக்காத.

நான் வந்ததும் உக்காந்து பேசுவோம். எந்த ஆப் எவ்வளவு நேரம், எந்த நோட்டிஃபிகேஷனை அணைக்கணும்னு நீ முதல்ல சொல்லு. நான் நடுவுல பேச மாட்டேன். முயற்சி பண்றேன்.

அம்மா

கிடைச்சிடுச்சு! செருப்பு மாட்டும்போது வாஷிங் மெஷினுக்குள்ள அலாரம் அடிச்சுது. நல்லவேளை, துணி துவைக்கல. மேசை மேல வச்சிருக்கேன்.

திரையில, அந்த அலாரத்துக்கு நீ எழுதி வச்சிருந்தது: "தினமும். அம்மா கிளம்பற நேரம். சாவியைக் கையில குடு."

திரும்பிப் பார்த்தேன். சாவி ஆணியிலதான் தொங்குது.

இத்தனை நாளா எனக்கு நல்ல ஞாபகசக்தின்னு நினைச்சிட்டிருந்தேன்டி.