செங்காவிக் கைக்குட்டை

சான் டியேகோ, மார்ச் 1976

அன்பு மிக்க லொரெட்டாவுக்கு,

நீயும் உன் தாயாரும் நலந்தானே? எனக்குச் சற்றே இருமல், அஞ்சாதே.

எங்கள் விமான எந்திரச் சோதனைக் கூடத்தின் கரும்புகையை ஊரார் எதிர்த்ததால், எரிபொருளில் இரும்புக் கலவையொன்றைச் சேர்த்தார்கள், புகை மறைந்தது. நேற்று வந்த ஆய்வாளர் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துப் பாராட்டினார். நீ தைத்தனுப்பிய வெள்ளைக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தி அவர்முன் விரித்தேன். துருவாய்ச் சிவந்திருந்தது.

"நான் பாக்க வந்தது புகையைத்தான் தம்பி, உன் மூக்கை இல்ல!"

"இவனுக்கு எப்பவுமே சளிதான் சார்," என்று சிரித்தார் மேலாளர் டெல்பர்ட்.

கண்ணுக்குத் தெரியாதது காற்றிலும் இல்லையாம்! இதுவா தூய்மை?

சங்கு ஊதுகிறது. இனி வெள்ளை வேண்டாம். செங்காவி நிறத்தில் நான்கு தைத்தனுப்பு. எனக்கும் தெரியாதிருக்கட்டும்.

உன்
வெர்ஜில்