வீட்டுக்காரன் நிற்கும் நாள்

அக்டோபர் 14, செவ்வாய்

நான் ஓடி வருவதைப் பார்த்து ஓட்டுநர் பேருந்தை நிறுத்தி வைத்திருந்தார். எங்கே போகிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த மனுஷன் நன்றாக இருக்கட்டும்.

சிறையில் மியோத்ராக் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் என் கணவன் இவ்வளவு குறைவாகப் பேசி நான் பார்த்ததில்லை. சோப்பு, காபித் தூள், கம்பளிக் காலுறை, எதைக் கேட்டாலும் "வேணாம்". கிளம்பும் நேரத்தில்தான் வாயைத் திறந்தான்.

"இந்த வருஷம் ஸ்லாவா வேணாம் வெரித்சா. மெழுகுவத்தி ஏத்தாதே. கதவைச் சாத்திட்டு எங்கயாவது போயிடு."

"உங்கப்பா காலத்துல, தாத்தா காலத்துல, யுத்தம் நடந்தப்பகூட விடாம செஞ்சது!"

"வீட்டுக்காரன் ஜெயில்ல கிடக்கான். அந்த வீட்டுக்கு என்ன ஸ்லாவா? இனிமே நீயும் இங்க வராதே."

அக்டோபர் 15

கோபம் இன்னும் அடங்கவில்லை. நவம்பர் எட்டு, மித்ரோவ்தான் திருநாள், எங்கள் குடும்பத்துப் புனிதரின் நாள், அதுதான் எங்கள் ஸ்லாவா. அதை வேண்டாம் என்று சொல்ல இவன் யார்?

இவன் யார் என்பதுதான் அவனையே அரித்துக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியும். மார்ச்சில் ஒரு கல்யாணத்தில் பிளம் சாராயத்தைக் குடித்துவிட்டு டிராக்டரை ஓட்டி வந்தான். சைக்கிளில் போன பக்கத்து வீட்டு ஸ்வெதோசாரை இடித்துத் தள்ளினான். ஸ்வெதோசாரின் இடுப்பெலும்பு உடைந்துபோனது. இன்னமும் இரண்டு ஊன்றுகட்டையோடுதான் நடக்கிறார். தண்டனை சரிதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் தனக்குத் தானே இன்னொரு தண்டனை போட்டுக்கொண்டு என்னையும் வெட்டிவிடப் பார்க்கிறான். விடுவேனா?

அக்டோபர் 28, செவ்வாய்

போனேன். அவன் வெளியே வரவில்லை.

"வர மாட்டேங்கறாரு அக்கா. ரெண்டு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டேன்" என்றார் மீசைக்காரக் காவலர். அங்கேயே அழுதுவிட்டேன், அத்தனை பேருக்கு முன்னால். அவர் தன் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார், தண்ணீர் கொடுத்தார். அந்த நாற்காலியை மறக்க மாட்டேன்.

நவம்பர் 3

நாத்தனார் ரதொய்கா போன் செய்தாள். "அண்ணன் கிடக்கான் விடுங்க அண்ணி, அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே அழுத்தம். முட்டைக்கோஸ் ஊறிடுச்சா, அதைச் சொல்லுங்க. இலையில கறி வெச்சு சார்மா சுருட்ட நான் வர்றேன். நீங்க சுருட்டினா பாதி பிரிஞ்சுடும்."

சண்டைக்காரி. என் தங்கம்.

நவம்பர் 7

சார்மா அடுப்பில். வருகிறவர்கள் முதலில் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொள்ளும் கோதுமையை வேகவைத்து அரைத்து, வால்நட்டும் சர்க்கரையும் கலந்து, மேலே சர்க்கரைப் பொடி தூவியாகிவிட்டது. ரொட்டியும் ஆயிற்று.

பயமாக இருக்கிறது. ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடும் வழக்கம் இல்லையே. கூப்பிட்டால் "வேலை இருக்கு" என்று சொல்லித் தப்பிக்கலாம். கூப்பிடாமல் வர வேண்டும் என்றால் மனசு இருந்தால்தான் வருவார்கள். போன வருடம் நாற்காலி போதாமல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். நாளைக்கு? ஒருத்தரும் வராவிட்டால் அவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அப்புறம் எந்த முகத்தோடு அவனைப் போய்ப் பார்ப்பேன்?

நவம்பர் 8, சனி

கை வலிக்கிறது, ஆனாலும் எழுதாமல் முடியாது.

மெழுகுவர்த்தியை நானே ஏற்றினேன். ரதொய்காவின் கணவன் லூபோமிரும் நானும் ரொட்டியைச் சேர்ந்து பிடித்து, வழக்கப்படி சுழற்றி உடைத்தோம். அப்புறம் வெகுநேரம் யாரும் வரவில்லை. லூபோமிர் மூன்றாவது தட்டு சார்மாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இப்படியே போனா நான் ஒருத்தனே உங்க மானத்தைக் காப்பாத்திடுவேன்" என்றார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

பிறகு பாதிரியார் வந்தார். ரொட்டிக்கடை அம்மா வந்தார். பேருந்து ஓட்டுநர் மனைவியோடு வந்தார்! விருந்து நாளில் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, நின்றுகொண்டே பரிமாற வேண்டும். அவன் இடத்தில் நாள் முழுக்க நான் நின்றேன்.

இருட்டும் நேரத்தில் கதவருகே மிலுங்கா, ஸ்வெதோசாரின் மனைவி. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"அவரு வரல. வர்றதுக்கு அவருக்கு இன்னும் மனசு வரல, பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா நம்ம வீட்லேருந்து ஒரு ஆள் போகணும்னு அவருதான் அனுப்பினாரு."

சிலுவை போட்டுக்கொண்டு ஒரு ஸ்பூன் கோதுமை எடுத்து வாயில் போட்டாள். உட்காரவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கடவுளே, உனக்கு நன்றி. மிலுங்கா, உனக்கும்.

நவம்பர் 11, செவ்வாய்

வராதே என்றான். போனேன். ஒரு டப்பாவில் கோதுமையும் கொண்டுபோனேன். மீசைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா! வெள்ளைப் பொடியைத் தூவி ஜெயிலுக்குக் கொண்டு வந்திருக்கீங்களே! என் வேலைக்கு உலை வைக்கறீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சர்க்கரைதான் என்று சத்தியம் செய்தேன். "எனக்குத் தெரியாதா? ஆனா உள்ள விட முடியாது" என்றவர், சட்டென்று நிமிர்ந்தார். "மித்ரோவ்தான் திருநாளா உங்க ஸ்லாவா?"

"ஆமாம்."

"அதான் விஷயமா! சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல உங்காளு உட்காரவே இல்ல. ரொட்டியை எல்லாருக்கும் எடுத்துக் குடுத்துட்டு நின்னுட்டே இருந்தாரு. உட்காருய்யான்னா, 'இன்னிக்கு முடியாது'ன்னாரு. திமிருன்னு நெனச்சேன்."

தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டு, ஒரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டார். "மத்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போங்க. இருங்க, கூப்பிடறேன்."

இந்தத் தடவை வந்தான். கண்கள் வீங்கியிருந்தன. முதல் கேள்வியே, "யாரெல்லாம் வந்தாங்க?"

ஒவ்வொருவராகச் சொன்னேன். மிலுங்கா பெயரைச் சொன்னதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நேரம் முடிந்துவிடுமே என்று எனக்குத் தவிப்பு.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "குளிர்காலம் முடியறதுக்குள்ள பிளம் மரத்தையெல்லாம் கிளை கழிச்சு கவாத்து பண்ணணும்" என்றான். "ஸ்வெதோசாரால ஏணி ஏற முடியாது. லூபோமிரைக் கூப்பிட்டு மொதல்ல அவங்க மரத்தைப் பண்ணச் சொல்லு. சாக்கு சொல்லுவான், விடாதே. நம்மளுது அப்புறம்."

நவம்பர் 12

லூபோமிர் ஏறுவதற்கு எங்கள் ஏணியை மிலுங்கா வீட்டு வேலியின் உள்பக்கம் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இது வரைக்கும் எடுத்து வெளியே போடவில்லை.