வேதா அக்காவின் பின்னந்தலை

பெருங்களத்தூர்,
ஞாயிறு மாலை, மொட்டை மாடி

அன்புள்ள வேதா அக்காவுக்கு,

கீழ் வீட்டு எபி எழுதுகிறேன். நீங்களும் பர்வேஸ் அண்ணாவும் புனேயில் நலமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால்தான் தாள்.

எனக்குச் சிற்பப் பைத்தியம் பிடித்திருக்கிறது. பி.காம். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, யூடியூபில் யாரோ ஓர் இத்தாலிக்காரர் மூக்கு வைப்பதைப் பார்க்கிறேன். அவர் பேச்சு ஒரு வார்த்தை புரியாது, கை பேசுவது புரியும். கல் என்றால் வேண்டாததை எடுத்துக்கொண்டே போக வேண்டும், ஒரு சில்லு தப்பினால் தப்பியதுதான். களிமண்ணில் சேர்த்துக்கொண்டே போகலாம், பிடிக்கவில்லையா, வழித்துவிட்டு மறுபடி வைக்கலாம். எனக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் மனசு மாறும், களிமண்தான் சரி. சுவரோடு ஒட்டிய புடைப்புச் சிற்பத்துக்கு முதுகே கிடையாது, தெரியுமா அக்கா? முழுச் சிற்பத்தைச் சுற்றி நடக்க வேண்டும். ஓர் அடி தள்ளி நின்றால் அதே முகம் வேறு ஆளாகிவிடுகிறது.

இப்போது எதைப் பார்த்தாலும் அப்படித்தான். சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் வெயில் சாய்ந்து நூறு கன்னங்களில் ஒரே நேரத்தில் விழுகிறது. எல்லோரையும் இப்போதுதான் யாரோ செய்து முடித்து, ஈரம் காயாமல் பிளாட்பாரத்தில் இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டு வண்டலூர் வரை போயிருக்கிறேன்.

முதல் தலையாக உங்களைத்தான் செய்தேன். தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய் இரண்டு வருஷம். உங்கள் அப்பா ஸ்ரீநிவாசன் அங்கிள் உங்கள் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆன்ட்டி மட்டும் துணி காயப்போட வரும்போது, வேதா ஸ்டேட்டஸ் ஏதாச்சும் போட்டாளாடா என்று மெதுவாகக் கேட்பார்கள். உங்கள் வீட்டுச் சுவரில் உங்கள் போட்டோ ஒன்றுகூட இல்லை. மாடியிலாவது ஒரு முகம் இருக்கட்டும் என்று தோன்றியது.

இன்ஸ்டாவில் இருந்த செல்ஃபிகளைப் பார்த்துச் செய்தேன். புதன்கிழமை தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க அங்கிள் மேலே வந்துவிட்டார். மூடி வைக்க நேரமில்லை. களிமண் பைப்பை அடைச்சா உங்கப்பாவா வந்து குத்துவாரு என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். தழும்பு அந்தப் பக்கம் இல்லடா, இடது புருவம், நான்தானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன் என்றார். செல்ஃபி இடம் வலத்தை மாற்றிவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடிக்குள் இருக்கிற வேதாவைச் செய்து வைத்திருந்தேன்.

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். சுற்றிக்கொண்டு பின்னால் போய் நின்றார். அங்கே வெறும் உருண்டை. பின்னந்தலையை யார் அங்கிள் செல்ஃபி எடுக்கிறாங்க, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். எனக்குத் தெரியும் என்றார். எல்.கே.ஜி.லேர்ந்து ரெண்டாவது வரைக்கும் ஸ்கூட்டர்ல முன்னாடி நின்னுக்கிட்டுதானே வருவா, தினம் அதத்தானே பாத்துக்கிட்டு ஓட்டினேன் என்று சொல்லிக்கொண்டே, கட்டைவிரலை அழுத்தி ஒரு சுழி திருப்பினார். ஒட்டினாற்போல இன்னொன்று.

உங்களுக்கு ரெட்டைச் சுழி என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது அக்கா. ரெட்டைச் சுழின்னா ரெண்டு கல்யாணம்னு சொல்வாங்கடா, உங்க ஆன்ட்டி பயந்துபோய் எண்ணெய் வெச்சு மூடி மூடிச் சீவுவா என்று சிரித்தார். பிறகு, ஒண்ணு எனக்குச் சொல்லாமலே முடிஞ்சிடுச்சு என்றார். குழாயடியில் கை கழுவ வெகு நேரம் ஆனது.

களிமண் ஈரமாக இருக்கும் வரைதான் திருத்த முடியும். அதற்காக நனைத்த துணி போட்டு மூடி வைக்கிறேன். மூன்று நாளாக நான் காலேஜ் விட்டு ஓடி வந்து பார்த்தால், துணி ஏற்கெனவே நனைந்திருக்கிறது. மழை ஒன்றும் இல்லை.

தழும்பை இடது பக்கம் மாற்றிவிட்டேன். காதுகள் மட்டும் வரவில்லை, அதற்கு ஆள் நேரில் வேண்டும். பொங்கலுக்கு இரண்டு பேரும் வாருங்கள். பெருங்களத்தூரில் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போகும், நீங்கள் எதிர்த்திசையில் உள்ளே வாருங்கள். மாடியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அளவு சரியா என்று சொல்ல அங்கிளையும் பக்கத்தில் நிற்கச் சொல்கிறேன்.

அதுவரை காயாமல் பார்த்துக்கொள்கிறோம்.

உங்களை எல்லாப் பக்கமும் பார்க்கக் காத்திருக்கும்,
எபி