மண்சரிவுக்குப் பூட்டுப் போட்டவனை அடித்தேன்

என் உயிர் அண்ணனுக்கு,

இன்று நுவரெலியா பஜாரில், நீ வேலை பார்த்த போன் கடையிலேயே, உன் முதலாளியை அடித்துவிட்டேன். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. என் கை இன்னும் எரிகிறது. திட்டுவாய், தெரியும். திட்டிக்கொள்.

மழை அளவு மீறினால் எல்லார் போனிலும் சாவுக்கு அடிக்கும் தப்பு மேளச் சத்தம் வரும்படி ஒரு மென்பொருள் எழுதினாயே, அதைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுச் சனங்களுக்குச் சும்மாதானே கொடுத்தாய்? "மலை சரியப் போவுதுன்னு சொல்றதுக்குக் காசா?" என்று சிரித்தாய். அதை ஓட்டும் கணினி கடையில் இருந்ததால் காசு கட்டிய போனில் மட்டும் அடிக்கும்படி முதலாளி அதற்குப் பூட்டுப் போட்டு மாதக் கட்டணம் வைத்தான். கட்ட முடியாத கீழ் லயத்துப் போன்கள் ஊமையாகின.

மலை சரிந்த அன்று மதியம் மேல் லயத்துப் போன்கள் மட்டும் அடித்தன. தங்கள் போன் அடிக்காததால், மேலே சாவு விழுந்துவிட்டது என்று கீழ் லயத்தில் நினைத்துவிட்டார்கள். சாவுத் தப்பு கேட்டால் நம் ஆட்கள் வீட்டில் இருப்பார்களா? அடுப்பில் சோற்றை அப்படியே விட்டு, "யாருங்க செத்தது?" என்று கேட்டபடி மழையில் ஏறி வந்தார்கள். அப்படி வந்த அத்தனை பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள், அண்ணா. கால் முறிந்து கிடந்த ராசாத்தி அக்காவைத் தூக்கி வர நீ இறங்கினாய். மலை பிளந்து லயத்தை நொறுக்கி, உங்கள் இருவரையும் விழுங்கியது. தோண்டி எடுத்தபோது உன் வாயெல்லாம் மண். நான்தான் விரல் விட்டு எடுத்தேன்.

இன்று முதலாளி என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, "அண்ணன் எழுதினத எனக்கே வித்துடும்மா. சும்மா குடுத்தா, பழுதானா யாரு பாப்பாங்க?" என்றான். கேள்வி நியாயமானதுதான். அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

"அந்தப் பூட்ட எடுத்துட்டீங்களா?"

"எடுத்தா கட்டுறவங்களும் கட்ட மாட்டாங்களேம்மா."

அங்கேதான் கை நீட்டினேன்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறான். விற்றதாகக் கையெழுத்துப் போட்டால் வாபஸ் வாங்குவானாம். என்னை உள்ளே போட்டால் அம்மா என்ன செய்வாள்? யோசித்தேன். யோசித்துக்கொண்டே, நீ எழுதிய அத்தனையையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டேன். டயகம தோட்டத்தில் ஒரு பிள்ளை இதற்குள்ளாகவே அதில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பிவிட்டாள்.

நாளை பொலிசுக்குப் போகிறேன். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்பேன். கையெழுத்து மட்டும் போடமாட்டேன். உள்ளே போட்டாலும், வெளியே வந்து நீ எழுதியதை வரிவரியாகப் படித்து, பழுதானால் நானே பார்ப்பேன். சத்தியம், அண்ணா.

உன் கோபக்காரத் தங்கச்சி